மீன் தொட்டிக்கும் கவாத்து உண்டு

பள்ளிக்கூடத்தில் செய்த அந்த ஹைட்ரில்லா சோதனை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பீக்கர் தண்ணீர், அதில் கொஞ்சம் ஹைட்ரில்லா, அதன்மேல் கவிழ்த்து வைத்த புனல், புனலின் தண்டில் கவிழ்த்த சோதனைக் குழாய். வெயிலில் கொண்டுபோய் வைத்தால் குமிழ் குமிழாக ஆக்சிஜன் மேலே ஏறும். படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண். அதோடு அந்தப் பாடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு காமர்ஸ் குரூப் எடுத்தவர்கள் நிறைய பேர்.

அந்தப் படத்தில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. வெளிச்சம் போன பிறகு அதே செடி என்ன செய்யும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். இன்னும் சரியாகச் சொன்னால், அதைத் தெரிந்துகொள்வதற்குள் பதினொரு மீன்களைப் பறிகொடுத்த ஒரு பி.காம். மாணவனைப் பற்றியது. பெயர் வேண்டாம். 'அவன்' என்றே இருக்கட்டும்.

வெட்ட மனசு வராதவன்

அவன் வீடு பெரம்பூரில். அப்பா, அம்மா, ஏழாவது படிக்கும் தங்கை, அப்பாவைப் பெற்ற ஆயா. இரண்டு பள்ளிப் பையன்களுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு ஜனவரி மாதம் கொளத்தூருக்குப் போனான். மீன் வளர்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தாலே சென்னையில் முதலில் சொல்லும் பெயர் கொளத்தூர். வரிசையாக வண்ண மீன் கடைகள், காற்றடைத்துக் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பைகள், பைக்குள் மீன்கள்.

வாங்கியது இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கல்லும் போக, மேலே கொஞ்சம் இடமும் விட்டால் 45 லிட்டர் தேறும். கடைக்காரர் பிளாஸ்டிக் செடிகளைக் காட்டினார். அவன் நிஜச் செடிதான் வேண்டும் என்று நின்றான். புல் மாதிரி நீண்ட நாடா இலை உள்ள வாலிஸ்னேரியா, நரிவால் மாதிரி கபோம்பா, ஹைக்ரோஃபிலா, ஒரு கட்டையில் நூலால் கட்டிய அனுபியாஸ், ஒரு கைப்பிடி ஜாவா பாசி, ஆசைக்காக ஒரு கொத்து சிவப்பு ரொட்டாலா. மீன் என்று பார்த்தால் 12 கப்பி, 6 ஜீப்ரா. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பற்று வரவாக எழுதி வைத்தான். படிக்கிற படிப்பு அப்படி!

செடிகள் பிடித்துக்கொண்டன. பிப்ரவரியில் வேர் விட்டன, மார்ச்சில் தண்ணீர் மட்டத்தைத் தொட்டன, ஏப்ரலில் மேல்பரப்பில் படுத்துக்கொண்டு பாய் விரித்தது போல மூடிவிட்டன. வாலிஸ்னேரியாவின் இலைகள் தொட்டியின் நீளத்துக்கு நீரோட்டத்தோடு சாய்ந்து கிடந்தன. பார்த்தவர்கள் எல்லாம் "காடு மாதிரி இருக்குப்பா" என்றார்கள். அவனும் போன் எடுத்துப் படம் பிடித்துக் காலேஜில் காட்டினான். "கொஞ்சம் வெட்டி விடேன்" என்று அம்மா இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்கியது, கண்ணெதிரே வளர்ந்தது, அதைப் போய் வெட்டுவதா?

அடியில் என்ன நடக்கிறது என்பதை அவன் பார்க்கவில்லை. மேலே பச்சைக் கூரை விழுந்ததால் கீழே வெளிச்சம் போகவில்லை. ஹைக்ரோஃபிலாவின் கீழ் இலைகள் மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, உதிர்ந்து மண்ணில் அழுகின. கபோம்பாவின் அடித்தண்டு மொட்டையானது. உதிர்ந்த குப்பை ஃபில்டர் வாயில் போய் அடைத்து, தண்ணீர் வரத்து பாதியாகக் குறைந்தது.

மே மாதம். கத்திரி வெயில். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. விடியற்காலை தண்ணீர் பிடிக்க எழுந்த அம்மா கூப்பிட்டார்:

"டேய், எழுந்து வாடா. உன் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது!"

அவன் எழுந்து வந்து என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றதில் கால் மணி நேரம் போனது. விடிந்து பார்த்தால் பதினொன்று போய்விட்டன. அதில் ஒன்று தொட்டியிலேயே பிறந்து, தங்கை தனி ஜாடியில் வைத்து வளர்த்து, பெரிதானதும் திரும்ப விட்ட கப்பி. அவள் அன்று முழுக்க அவனிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

ராத்திரியில் நடந்தது என்ன?

ஏதோ சீக்கு என்று நினைத்து, ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரும் போனில் படமுமாகக் கொளத்தூருக்கு ஓடினான். கடைக்கார அண்ணன் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. படத்தைத்தான் பார்த்தார்.

"நேத்து பகல்ல நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுண்ணா."

"விடிகாலைல செத்துச்சா?"

"ஆமாண்ணா."

"செடிய எப்ப தம்பி வெட்டின?"

"வெட்டவே இல்லண்ணா."

"அப்ப மருந்து வேணாம். ஒரு கத்திரிக்கோல் போதும். வீட்ல இருக்கறதே போதும், சோப்பு கீப்பு படாததா பாத்துக்க."

விஷயம் இவ்வளவுதான். வெளிச்சம் இருக்கும்போது செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் விடுகிறது. ஆனால் சுவாசிப்பது என்பது இரவு பகல் இரண்டிலும் உண்டு. விளக்கை அணைத்ததும் ஆக்சிஜன் விடும் வேலை நின்றுவிடும், எடுக்கும் வேலை மட்டும் நடக்கும். மீனும் எடுக்கும். அழுகிய இலையைத் தின்னும் பாக்டீரியாவும் எடுக்கும். அதனால்தான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்னால்.

மேல்பரப்பு திறந்திருந்து, ஃபில்டர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தால் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் கரைந்து ஈடுகட்டிவிடும். அவன் தொட்டியில் பரப்பு மூடிக்கிடந்தது, ஃபில்டர் அடைத்துக்கிடந்தது, கரண்டும் போய்விட்டது. போதாததற்கு வெயில் காலம். 20 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். மே மாதச் சென்னையில் எந்தத் தொட்டி 20 டிகிரியில் இருக்கிறது?

ஆக, ஒரு காரணம் அல்ல, நாலைந்து காரணங்கள். ஆனால் அவற்றில் மூன்று, ஏப்ரலிலேயே ஒரு அரைமணி நேரம் கத்திரி பிடித்திருந்தால் இல்லாமல் போயிருக்கும். அதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆயாவின் கை

ஆயா அதுவரை தொட்டிப் பக்கம் வந்ததே இல்லை. "தண்ணி ரொப்பின கண்ணாடிப் பொட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அன்று சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இன்னாடா இது, பொதரு மாதிரி வச்சிருக்க? நுனிய கிள்ளலியா?"

"கிள்ளினா செத்துப் போய்டாதா ஆயா?"

"போடா இவனே. கிள்ளாதது நெட்டையா மேல போவும், அடி மொட்டையா நிக்கும். கிள்ளினாதான் பக்கத்துல தழையும்."

சும்மா சொல்லவில்லை. திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமத்தில் பதினைந்து வருடம் மல்லித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர் அவர். பூ பறிப்பது மட்டுமல்ல, பூ ஓய்ந்த பனிக்காலத்தில் செடியைக் கவாத்து செய்வதும் அந்த வேலையில் சேர்த்திதான். கவாத்து செய்யாத மல்லி கொடி ஓடுமே தவிரப் பூக்காது. முருங்கைக்கும் நுனி கிள்ளுவார்கள், வீட்டுத் துளசிக்கும் கிள்ளுவார்கள்.

தாவரவியல் சொல்வதும் இதையேதான். தண்டின் நுனி மொட்டில் ஆக்சின் என்ற ஹார்மோன் சுரந்து கீழே இறங்கி, பக்க மொட்டுகளை முளைக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் அந்த அடக்குமுறை போய்விடும். வெட்டுக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து ஒன்றுக்கு இரண்டாகத் தளிர் வரும். நிலத்திலும் இதே கதைதான், தண்ணீருக்குள்ளும் இதே கதைதான்.

எதை, எங்கே வெட்டுவது?

எல்லாச் செடியையும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. அவனும் ஆயாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்ததை வகை வகையாகப் பார்க்கலாம்.

1. தண்டுச் செடிகள் (ஹைக்ரோஃபிலா, ரொட்டாலா, கபோம்பா): கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். எவ்வளவு உயரம் வேண்டுமோ அதைவிடத் தாழ்வாக வெட்டுவது நல்லது. அங்கிருந்துதான் புதுத் தளிர் கிளம்பி மேலே வரப்போகிறது. வெட்டிய நுனியைத் தூக்கிப் போட வேண்டாம். கீழ் இலைகள் இரண்டு மூன்றைக் கிள்ளிவிட்டு மண்ணில் நட்டால் வேர் பிடிக்கும். அடி மொட்டையாகிக் கறுத்துப் போயிருந்தால், பழைய அடியைப் பிடுங்கிவிட்டு நுனிகளை மட்டும் நடுவதுதான் சரி. அவன் கபோம்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள்.

2. ஓரிடத்திலிருந்து இலை கிளம்பும் செடிகள் (வாலிஸ்னேரியா, அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன்): இவற்றுக்கு நுனி கிள்ளுதல் கிடையாது. வயதான வெளிப்பக்க இலையை அடியோடு எடுக்க வேண்டும். வாலிஸ்னேரியா இலையைப் பாதியில் வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து பழுத்து அழுகுவது உண்டு. அது மண்ணுக்கடியில் ஓடுகொடி விட்டுக் குட்டி போடும். வேண்டாத குட்டிகளைக் கொடியோடு அறுத்து எடுத்துவிட வேண்டும். கிரிப்டோகோரைன் இனங்கள் பலவற்றுக்குச் சொந்த ஊர் இலங்கை. அவை இடம் மாற்றினாலோ தண்ணீர் மாறினாலோ இலை முழுக்கக் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுபவர்கள் அநேகம். வேரை அப்படியே விட்டால் சில வாரங்களில் திரும்பத் தளிர்க்கும்.

3. கிழங்குத்தண்டு உள்ளவை (அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்): தடித்த தண்டை மண்ணில் புதைக்கவே கூடாது, அழுகிவிடும். கட்டையிலோ கல்லிலோ கட்டி வைக்க வேண்டும். பெரிதானால் தண்டையே துண்டாக்கலாம், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நாலு இலை இருக்கிற மாதிரி. ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளி தெரிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் வித்துப் பைகள்தான்.

4. பாசி: முடி வெட்டுவது போலத்தான். ஃபில்டரை நிறுத்திவிட்டு வெட்ட வேண்டும். சிதறும் துணுக்குகளை வலையால் அள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் தொட்டி பூராவும், ஃபில்டருக்குள்ளும் முளைக்கும்.

ஒரே நாளில் மொத்தத்தையும் மொட்டையடிப்பது ஆபத்து. தண்ணீரில் உள்ள சத்தை உறிஞ்ச ஆள் குறைந்தால் அந்த இடத்தைப் பச்சைப் பாசி பிடித்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு. வெட்டி முடித்ததும் மிதக்கும் இலைகளை அள்ளி, ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கும் சொட்டு மருந்தை மறக்கக் கூடாது.

காமர்ஸ்காரர்களுக்கு ஒரு கணக்கு

வெட்டினால் மட்டும் போதுமா என்றால் போதாது. செடி ஏன் அப்படி வளர்கிறது, ஏன் வாடுகிறது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பிரபலப்படுத்தியது. செடிக்கு வேண்டியவற்றில் எது மிகக் குறைவோ, அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. லிமிட்டிங் ஃபேக்டர்! மெஷின் நேரம் குறைவாக இருக்கும்போது கச்சாப் பொருளை மலையாகக் குவித்து என்ன லாபம்? அவன் தொட்டியில் வெளிச்சம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிந்தது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எல்லாம் கிடையாது, உரமும் போட்டதில்லை. மிச்சப்பட்ட வெளிச்சத்தைக் கண்ணாடியில் படிந்த பாசி தின்றது. இப்போது விளக்கு ஏழு மணி நேரம்தான். பழைய இலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. புதுத் தளிர் வெளிறினால் இரும்புச் சத்தைச் சந்தேகப்படலாம். எது குறைகிறதோ அதை மட்டும் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

இந்தத் தொட்டிக் கலையை உலகம் பூராவும் கொண்டுபோனவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. 1954-ல் பிறந்தவர். முதலில் சைக்கிள் பந்தய வீரர், பிறகு புகைப்படக்காரர். 1982-ல் அக்வா டிசைன் அமானோ நிறுவனத்தைத் தொடங்கினார். லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் அமைத்த நன்னீர்த் தோட்டம் 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர். 2015 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது, அந்த ஆகஸ்டிலேயே அவர் காலமாகிவிட்டார். தோட்டம் மட்டும் எப்படி நின்றது? மூழ்கு உடை போட்டுக்கொண்டு ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்திரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மாதம் விட்டிருந்தால் அதுவும் பெரம்பூர்த் தொட்டி மாதிரி ஆகியிருக்கும்!

வெட்டியதை எங்கே போடுவது?

அந்த ஞாயிறு வெட்டி முடித்தபோது முக்கால் பக்கெட் செடி சேர்ந்துவிட்டது. குப்பையில் போட மனசில்லை. 'ரெட்டேரியில் கொண்டுபோய் விட்டால் அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளுமே' என்று தோன்றியது. பக்கெட்டை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியும் விட்டான். தங்கைதான் வாசலில் நின்று, "அங்க இருக்கற மீனும் மூச்சு முட்டி சாகவா?" என்று கேட்டாள். நாலு நாள் கழித்து அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் கோபத்தில் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. பள்ளிச் சோதனையில் வரும் அதே ஹைட்ரில்லா, 1950-களில் மீன் தொட்டி வியாபாரம் வழியாக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனது. அங்கே கால்வாய்களில் கலந்து, ஏரிகளையும் ஆறுகளையும் மூடி, இன்றுவரை பெரும் பணம் செலவழித்து அள்ள வேண்டியிருக்கிறது. கணுவுள்ள ஒரு சிறு துண்டு போதும், புதுச் செடியாகிவிடும். நம் ஊர் வேலம்பாசி அங்கே போய் வில்லன் ஆனது என்றால், தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்த ஆகாயத்தாமரை இங்கே வந்து வில்லன் ஆனது. 2020-ல் கேரளாவில் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் ஒரு வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய்ப் போனார்களே, அதுவும் தென் அமெரிக்கக் கபோம்பா வகைதான். பார்க்க அழகு. அடியில் இருக்கும் மீனுக்கும் நம் ஊர்ச் செடிக்கும்தான் அவஸ்தை.

தொட்டியில் வெட்டாமல் விட்டால் சாவது பதினொரு மீன். வெட்டியதை ஏரியில் விட்டால் கணக்கே கிடையாது.

அவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான். பக்கெட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பரப்பினான். இரண்டு நாளில் சருகாகிவிட்டது. நொறுக்கி ஆயாவின் துளசித் தொட்டியில் போட்டான். நல்ல நுனிகளாகப் பார்த்து ஒரு கட்டு எடுத்து, வகுப்பில் தொட்டி வைத்திருக்கும் இரண்டு பேருக்குக் கொடுத்தான், வெட்டும் முறையையும் சொல்லி.

கடைசியாக ஒரு விஷயம். அந்த ஞாயிறு எல்லாவற்றையும் வெட்டியவன் சிவப்பு ரொட்டாலாவை மட்டும் தொடவில்லை. அது ஒன்றுதான் நிறமாக இருந்தது, விடு ஆயா என்றான். ஆயா ஒன்றும் பேசாமல் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு, நகத்தாலேயே ஒவ்வொரு நுனியாகக் கிள்ளினார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் தங்கைதான் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தண்டிலும் இரண்டிரண்டு தளிர். மிச்சமிருந்த ஏழு மீனில் ஒரு கப்பி குட்டி போட்டு, குட்டிகள் எல்லாம் அந்தத் தளிருக்குள்ளேயே ஒளிந்து கிடந்தன. அவள் எண்ணப் பார்த்தாள், முடியவில்லை.

அவன் நோட்டில் மே மாதப் பக்கத்தில் 'மீன் 11 – நஷ்டம்' என்ற வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வாரத்துக்கு ஒரு தேதி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே வார்த்தை: கவாத்து.

பி.கு.: தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, விளக்குப் போடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் உடனே ஏர் பம்ப் போடுங்கள். கரண்ட் இல்லையென்றால் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கத்திரிக்கோலை விடிந்த பிறகு தேடிக்கொள்ளலாம்.